விளாச்சேரி தந்த தமிழாசிரியர்



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, இன்ஜினீயருக்கு எழுத்து எங்கே வரப்போகுதுன்னு தயங்கினேன். பிறகு எங்க அவனியாபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லலாம் எனத் தோன்றியது.

திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரி என்றால் நமக்குக் கொலு பொம்மைதான் ஞாபகம் வரும். அங்கேதான் 1870 ஜூலை 6-ல் சூரியநாராயண சாஸ்திரியார் பிறந்தார். மதுரையில் சபாபதி முதலியாரிடம் தமிழ் படித்தார். சென்னை கிறித்துவக் கல்லூரியில் பி.ஏ. தேர்வெழுதி, தமிழிலும் தத்துவத்திலும் முதலிடம் பெற்றார்.

கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லர் தத்துவத் துறையில் வேலை தர முன்வந்தார். இவரோ அதை வேண்டாம்னுட்டு, தமிழ் நடத்தும் வேலையைக் கேட்டு வாங்கினார். அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. கல்லூரியில் இங்கிலீஷில் பாடம் சொல்பவர் புரொஃபசர். தமிழில் சொல்பவர் வெறும் பண்டிட். எவ்வளவு படித்திருந்தாலும், வகுப்பில் பேசும் மொழியை வைத்தே சம்பளமும் மரியாதையும் குறைந்தன. தெரிந்தேதான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

1902-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து தமிழையே எடுத்துவிட யோசனை வந்தது. இவரும் பூரணலிங்கம் பிள்ளையும் எதிர்த்து நின்றார்கள்; தமிழ் தப்பியது. தம் பெயரையும் பரிதிமாற் கலைஞர் எனத் தமிழாக்கிக் கொண்டார். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று எழுதி வைத்தார். மத்திய அரசு அதை ஒப்புக்கொண்டது 2004-ல்தான். அவரோ 1903 நவம்பர் 2-ல், 33 வயதிலேயே காசநோயால் மறைந்துவிட்டார். இப்போ நான் அவரைவிட மூணு வயசு மூத்தவன்.

பண்டிட் என்ற அந்தத் தாழ்வு போய்விட்டதா? கிராமத்திலிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வரும் விரிவுரையாளர் இங்கிலீஷ் உச்சரிப்பில் தடுமாறினால் பின் பெஞ்சில் சிரிப்பு எழுகிறது. பாடம் தெரியுமா என்று பார்க்கும் முன்பே, பேச்சைக் கேட்டு மார்க் போட்டுவிடுகிறார்கள். நமக்கும் அப்படி ஒரு சார் இருந்தார். உத்தரம் எந்த இடத்தில் வளையும் என்பதை மதுரைத் தமிழில் அவர் சொல்லிக் கொடுத்ததுதான் இன்றைக்கும் சைட்டில் எனக்குக் கைகொடுக்கிறது.

விளாச்சேரியில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. இந்தச் சந்திப்புக்கு வருபவர்கள் பிள்ளைகளோடு ஒரு நடை போய்ப் பாருங்கள். நமக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்களும் விழாவுக்கு வருவார்கள். இங்கிலீஷ் சரளமாக வராதவர் என்று நாம் ஒதுக்கி வைத்தவரை முதலில் தேடிப்போய் வணக்கம் சொல்வோம்.