அடிமைகளை விடுவித்தார், ஆனால் ஒரு பெரும் தவறு செய்தார்: யார் இந்தப் பாதிரியார் லாஸ் காசாஸ்?

500 ஆண்டுகளுக்கு முன்பு கியூபாவில் ஒரு பாதிரியார் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிரசங்கம் செய்வார். மற்ற நாட்களில் அவருடைய பண்ணையிலும் சுரங்கத்திலும் பூர்வகுடி மக்கள் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஏதோ இடிக்கிறதே என்று அவருக்குப் பல வருஷம் தோன்றவே இல்லை.

அதே மனிதர்தான் பிற்காலத்தில் அந்த மக்களுக்காக ஸ்பெயின் அரசவை வரை போய் மல்லுக்கட்டினார். பெயர் பார்தொலோமே தே லாஸ் காசாஸ். நீதிக்காகப் போராடுபவர் எதற்காகப் போராடுகிறார், யாருக்காகப் போராடுகிறார் என்ற கேள்வி வரும்போதெல்லாம் இவருடைய வாழ்க்கை இன்றும் பேசப்படுகிறது. காரணம், அவர் செய்த நல்லது மட்டும் அல்ல. அவர் செய்த பெரிய தப்பும்தான்.

யார் இவர்?

1484-ல் ஸ்பெயினின் செவில் நகரில் பிறந்தவர். அப்பா ஒரு வணிகர். 1493-ல் கொலம்பஸின் இரண்டாவது பயணத்தில் கப்பல் ஏறியவர். திரும்பி வரும்போது மகனுக்கு ஒரு பூர்வகுடி இளைஞரை அடிமையாகக் கொண்டுவந்து கொடுத்தார். பின்னர் ராணி இசபெல்லாவின் உத்தரவால் அந்த இளைஞர் திருப்பி அனுப்பப்பட்டார்.

1502-ல் லாஸ் காசாஸும் கடல் கடந்து ஹிஸ்பானியோலா தீவுக்குப் போனார். இன்றைய ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் தீவு அது. சேவை செய்யவெல்லாம் போகவில்லை. எல்லோரையும் போல நாலு காசு பார்க்கத்தான் போனார். பாதிரியார் ஆன பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை.

அங்கே என்ன நடந்தது?

ஸ்பெயின் அரசு அங்கே என்கோமியெண்டா என்ற முறையை வைத்திருந்தது. குடியேறிய ஸ்பானியர் ஒவ்வொருவருக்கும் இத்தனை பூர்வகுடிகள் என்று ஒதுக்கிக் கொடுப்பார்கள். அவர்களைப் பாதுகாக்க வேண்டும், கிறிஸ்தவம் சொல்லித்தர வேண்டும். பதிலுக்கு அவர்களிடம் வேலை வாங்கிக்கொள்ளலாம். இது ஏட்டில் இருந்தது. நடந்ததோ வேலியே பயிரை மேய்ந்த கதை. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தே மக்கள் செத்தார்கள். ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்கள் மிச்சப் பேரைக் கொன்றன.

1511 டிசம்பரில் சாந்தோ டொமிங்கோ தேவாலயத்தில் அந்தோனியோ தே மொந்தேசினோஸ் என்ற டொமினிக்கன் துறவி, குடியேறிகளின் முகத்துக்கு நேராகவே அவர்கள் செய்வது சாவான பாவம் என்று பிரசங்கித்தார். கொலம்பஸின் மகனும் ஆளுநருமான தியேகோ அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஊரே கொதித்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு அவர் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார்.

லாஸ் காசாஸ் அசரவில்லை. ஒருமுறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, பூர்வகுடிகளை வைத்திருப்பவருக்குப் பாவமன்னிப்பு கிடையாது என்று ஒரு துறவி திருப்பி அனுப்பினார். அவரோடு வாதாடிவிட்டு வந்தாரே தவிர, யாரையும் விடுவிக்கவில்லை.

1513-ல் கியூபாவைப் பிடிக்கப் போன படையோடு குருவாகப் போனார். காவோனாவோ என்ற ஊரில் மக்கள் மீனும் ரொட்டியும் கொடுத்து வரவேற்றார்கள். சாப்பிட்டு முடித்த படை, திடீரென்று வாளை உருவி அவர்களை வெட்டிச் சாய்த்தது. லாஸ் காசாஸ் அதைக் கண்ணால் பார்த்தார். தடுக்கவும் முயன்றார். ஆனாலும் போர் முடிந்து நிலமும் ஆட்களும் பங்கு கொடுத்தபோது வாங்கிக்கொண்டார்!

மனசு மாறியது எப்போது?

1514-ல் பெந்தகோஸ்து திருவிழாப் பிரசங்கத்துக்காக பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார். சீராக்கின் ஞானம் நூலின் 34-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. ஏழைகளிடம் பறித்ததைக் கொண்டுவந்து கடவுளுக்குக் காணிக்கை வைத்தால் அது ஏற்கப்படாது. உழைப்பவனின் கூலியைப் பிடுங்குவது அவனைக் கொல்வதற்குச் சமம் என்ற பொருளில் பேசும் பகுதி அது. பல நாள் யோசித்தார். தான் பலிபீடத்தில் வைக்கும் அப்பமே அந்த மக்களின் உழைப்பில் வந்ததுதான் என்பது உறைத்தது.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. தன்னிடம் இருப்பவர்களை விட்டுக்கொடுத்தால் ஆளுநர் அவர்களை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார். அங்கே இன்னும் மோசமாக நடத்துவார்கள். அப்படியென்றால் தானே வைத்துக்கொண்டு நல்லபடியாக நடத்தலாமே? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தான் லாபம் பார்த்துக்கொண்டே அடுத்தவனிடம் போய் விடு என்று சொன்னால் யார் மதிப்பார்கள்? அது அவருக்குப் புரிந்தது. அந்த ஆகஸ்ட் 15-ல், மாதா விண்ணேற்புத் திருநாள் பிரசங்கத்தில், தன் பங்கை விட்டுவிட்டதாக எல்லோர் முன்னாலும் அறிவித்தார்.

பெரிய தவறு எது?

அடுத்த வருஷமே ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறினார். 1516-ல் பூர்வகுடிகளின் பாதுகாவலர் என்ற பதவி கிடைத்தது. அதே வருஷம் அரசுக்கு அவர் கொடுத்த யோசனைகளில் ஒன்றுதான் அவர் பெயரில் இன்றுவரை நிற்கும் கறை. சுரங்க வேலைக்குப் பூர்வகுடிகளை விட்டுவிடுங்கள், அதற்குப் பதிலாக வேறு அடிமைகளை இறக்குமதி செய்யுங்கள் என்றார். அதில் ஆப்பிரிக்க அடிமைகளும் அடக்கம்.

ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தை இவர் தொடங்கி வைக்கவில்லை. இவர் வாய் திறப்பதற்கு முன்பே கறுப்பின அடிமைகள் அந்தத் தீவுகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் இவருடைய யோசனை அந்த வியாபாரத்துக்கு வலு சேர்த்தது. 1518-ல் மன்னர் சார்லஸ் தன் அவையைச் சேர்ந்த ஒருவருக்கு 4,000 ஆப்பிரிக்கர்களைக் கொண்டுபோக உரிமம் கொடுத்தார்.

ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அதேதான். தான் நேரில் பார்த்தவர்களின் வலி அவருக்குத் தெரிந்தது. பார்க்காதவர்களின் வலி தெரியவில்லை. ஆப்பிரிக்கர்கள் நியாயமான போரில் பிடிபட்ட கைதிகள் என்று அப்போது அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பின்னாளில் போர்த்துக்கீசியர்கள் ஆப்பிரிக்காவில் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டபோது நொந்துபோனார். பூர்வகுடிகளை அடிமையாக்கியது எவ்வளவு அநியாயமோ அவ்வளவு அநியாயம் இதுவும் என்று தன் கைப்படவே எழுதினார். அறியாமல் செய்தேன் என்ற சமாதானம் கடவுள் முன்னால் எடுபடுமா என்பது தனக்கே நிச்சயமில்லை என்றும் எழுதி வைத்தார்.

சட்டம் வந்ததா?

1521 வாக்கில் இன்றைய வெனிசுவேலாவின் குமானா கடற்கரையில் ஆயுதமில்லாத குடியிருப்பு ஒன்றை அமைக்கப் பார்த்தார். அதற்கு அனுமதி வாங்க, அரசுக்கு வருமானம் வரும் என்று வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அடிமை பிடிக்க வந்த ஸ்பானியர்களின் அட்டூழியத்தால் கொதித்திருந்த மக்கள் அந்த இடத்தைத் தாக்கினார்கள். அவருடைய ஆட்களும் இறந்தார்கள். மனமுடைந்து 1522-ல் டொமினிக்கன் சபையில் சேர்ந்தார். ஒருகாலத்தில் தனக்குப் பாவமன்னிப்பு மறுத்த அதே சபை.

1542-ல் புதிய சட்டங்கள் என்ற பெயரில் மன்னர் சட்டம் கொண்டுவந்தார். பூர்வகுடிகளை அடிமையாக்கத் தடை. என்கோமியெண்டா உரிமை வாரிசுக்குப் போகாது. இதன் பின்னணியில் லாஸ் காசாஸின் உழைப்பு பெரியது. ஆனால் பெருவில் குடியேறிகள் கலகம் செய்து வைஸ்ராயையே கொன்றார்கள். 1545-லேயே வாரிசு தொடர்பான பிரிவை மன்னர் வாபஸ் வாங்கிவிட்டார்.

அதே 1545-ல் சியாப்பாஸ் ஆயராக மெக்சிகோவில் இருந்தார் லாஸ் காசாஸ். அடிமைகளை விடாதவர்களுக்குப் பாவமன்னிப்பு தரக் கூடாது என்று குருக்களுக்கு உத்தரவு போட்டார். அன்று தனக்கு நடந்ததை இன்று இவர் மற்றவர்களுக்குச் செய்தார். எதிர்ப்பு தாங்க முடியாமல் 1547-ல் ஸ்பெயின் திரும்பினார்.

ஒரே மதம், இரண்டு வாதம்

1550-51-ல் வல்யதோலித் நகரில் பெரிய விவாதம் நடந்தது. எதிரில் செபுல்வேதா என்ற அறிஞர். அமெரிக்க மண்ணை மிதிக்காதவர். சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை எடுத்துக்கொண்டு, முதலில் போர் செய்து அடக்கினால்தான் மதத்தைப் பரப்ப முடியும் என்றார். அவர்களும் பகுத்தறிவுள்ள முழு மனிதர்கள், வாளைக் காட்டி விசுவாசத்தைக் கொடுக்க முடியாது என்றார் லாஸ் காசாஸ். இருவரும் கத்தோலிக்கர்கள். இருவரும் கடவுளின் பெயரைத்தான் சொன்னார்கள். நடுவர்கள் தெளிவான தீர்ப்பு எதையும் சொல்லவில்லை.

1552-ல் வெளியான அவருடைய சிறு நூல் ஸ்பெயினின் கொடுமைகளை உலகுக்குக் காட்டியது. அதில் உள்ள எண்ணிக்கைகள் பல மிகைப்படுத்தப்பட்டவை என்று வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள். 1578-ல் டச்சு மொழியிலும் 1583-ல் ஆங்கிலத்திலும் வந்தது. அதை அச்சிட்ட நாடுகளுக்கு ஸ்பெயின் எதிரி, அவ்வளவுதான். அதே நாடுகள் பின்னாளில் அடிமைக் கப்பல்களை ஓட்டின.

1566 ஜூலையில் மாட்ரிட்டில் அவர் இறந்தார். அப்போது வயது 80-ஐத் தாண்டியிருந்தது. தன் பெரிய வரலாற்று நூலை 40 ஆண்டுகளுக்கு வெளியிட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அச்சில் வர 300 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1875-ல் அது வெளிவரத் தொடங்கியபோதுதான், ஆப்பிரிக்கர்கள் விஷயத்தில் அவர் தன்னைத்தானே குற்றம்சாட்டிக்கொண்டது பலருக்கும் தெரிய வந்தது.

ஸ்பெயினின் ஆட்சியை அவர் முழுசாக எதிர்க்கவில்லை, மதமாற்றமே அவருடைய நோக்கம் என்ற விமர்சனம் இன்றும் இருக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் தன் தவறைச் சுட்டிக்காட்ட எதிரிகளுக்கு அவர் வேலை வைக்கவில்லை. தன் புத்தகத்திலேயே அதை எழுதிவிட்டுத்தான் போனார்.