சுருதியை அளந்த பண்டிதர்

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்பெற்ற ஊர். பீங்கான் கிண்ணங்களில் நீர் வார்த்து ஜலதரங்கம் வாசிப்போர், அந்நீரைக் கூட்டியும் குறைத்தும் சுருதி சேர்ப்பதை யாம் கண்டுளோம். நீர் மிகுந்தால் ஒலி தாழும், குறைந்தால் உயரும். எவ்வளவில் நிறுத்துவது? ஒலியின் சரியான அளவு யாதென்னும் இவ்வினாவுக்கு விடைகாணத் தம் பிற்காலத்தையும் பெரும்பொருளையும் செலவிட்ட பெருந்தகை, தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ஆவார்.

இவர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் தென்காசியை அடுத்த சாம்பவர்வடகரையில் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார்; பிடில் வாசிக்கவும் பழகினார். பின்னர்த் தஞ்சையில் உபாத்தியாயராயிருந்து, அதனை விடுத்துச் சித்த வைத்தியத்தாற் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளை இசைக்கே வழங்கினார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, 1916 வரை வித்துவான்களைத் தஞ்சைக்கு அழைத்துத் தம் செலவிலேயே மாநாடுகள் நடத்தினார்.

சாரங்கதேவர் வழி நின்றோர் ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதிகள் என்றனர். பண்டிதர் கணக்கிட்டுப் பார்த்தார். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒன்றரை மடங்காக 12 முறை ஏறிச் சென்றால், 7 ஸ்தாயிகட்கு மேலுள்ள ஷட்ஜத்திற் சென்று முடியவேண்டிய ஒலி, நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக மிகுந்துவிடுகின்றது, வட்டம் பொருந்துவதில்லை. ஆதலின் பழந்தமிழ் வட்டப்பாலை முறையை ஆராய்ந்து, ஸ்தாயியை 24 சமபங்குகளாக்குதலே தகுமென்று துணிந்தார். அவ்வாறு பகுப்பின் பஞ்சமம் ஒன்றரைக்கு இம்மியளவே குறையும். வட்டமோ பிழையின்றி முடியும்.

1916-இல் பரோடாவிற் கூடிய அகில இந்திய சங்கீத மாநாட்டில், தம் மக்களைப் பாடுவித்து இக்கொள்கையை விளக்கினார். அறிஞர் அனைவரும் உடன்பட்டிலர். ஆயினும் அவர் தளர்ந்தாரல்லர். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

இன்று வீட்டிலே திரைப்படம் காண அமைக்கும் ஒலிபெருக்கிகளை அறைக்கேற்பச் சீர்ப்படுத்த, ஒலிவாங்கியால் அளந்து கணக்கிடும் கருவிகள் உள்ளன. கருவி ஓர் அளவு காட்ட, செவி வேறொன்றை விரும்புதல் அங்கும் உண்டு. ஒன்றைப் பற்றி மற்றொன்றைத் தள்ளாது, கணக்கைச் செவியாலும் செவியைக் கணக்காலும் சோதித்தலே பண்டிதர் காட்டிய நெறி. அவர்தம் முடிவை ஏற்பினும் மறுப்பினும், அதனைக் கற்றோர் அவைநடுவே சோதனைக்கு வைத்த நேர்மையை மாணவராகிய நாம் மேற்கொள்வோமாக.