ஒரே ஆள் ஏன் திரும்பத் திரும்ப சிக்குறார்? அப்பவே யோசித்த ஹென்டிக் யார்?

திருட்டு நடந்தால் எல்லாரும் திருடனைத்தான் தேடுவோம். பறிகொடுத்தவர் ஏன் சிக்கினார்? இதை ஆராய்ந்த முன்னோடி, ஹான்ஸ் வான் ஹென்டிக்.

1887-ல் பெர்லினில் பிறந்தவர். குற்றவியல் பேராசிரியர். நாஜி ஆட்சியில் வேலை பறிபோக, 1936-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

1948-ல் அங்கே அவர் எழுதிய நூல்தான் திருப்புமுனை. சிறுவர், முதியோர், தனிமையில் வாடுவோர் என 13 வகையினர் குற்றங்களில் எளிதில் சிக்குவதாகப் பட்டியல் போட்டார். அதில் புதிதாகக் குடியேறியவர்களும் உண்டு. அவரே அப்படிப் போனவர்தான்!

ஆனால், பாதிக்கப்பட்டவருக்கும் குற்றத்தில் பங்குண்டு என்ற அவர் வாதம் சர்ச்சையானது. அடிபட்டவர் மேலேயே பழி போடுவதா என்று பின்னாளில் பலரும் கேட்டார்கள்.

1951-ல் ஜெர்மனி திரும்பியவர், 1974-ல் காலமானார்.

1980-களில் இங்கிலாந்தின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் வேறொரு விடை கிடைத்தது. அடுத்து எந்த வீட்டில் திருடு போகும்? ஆளைப் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே திருடு போன வீடா என்று பார்த்தாலே போதும். அதுவும் முதல் திருட்டு முடிந்த சில வாரங்களில்தான் ஆபத்து அதிகம். அந்த வீடுகளுக்கு உடனே நல்ல பூட்டு போட்டு, அக்கம்பக்கத்தினரையும் ஒரு கண் வைக்கச் சொன்னார்கள். திருட்டு வெகுவாகக் குறைந்தது.