பண்டிகைச் சாப்பாடு படுக்கையில் தள்ளியது!
காந்திஜி தம் வயிற்றோடு நடத்திய போராட்டம்

1918-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். சபர்மதி ஆசிரமத்தில் அன்று பண்டிகை.

காந்திஜி காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. முதல் நாளே அவருக்கு வயிறு சரியில்லை. இலேசான சீதபேதி. பட்டினி கிடந்தால் போய்விடும் என்று நினைத்தார். மத்தியானமும் சாப்பாடு வேண்டாம் என்று கஸ்தூரிபாவிடம் சொல்லியிருந்தார்.

பண்டிகை நாளில் கணவர் பட்டினி கிடக்க எந்த மனைவிக்கு மனசு வரும்? கஸ்தூரிபா அவருக்கென்று தனியாகப் பலகாரம் செய்தார். காந்திஜி பால் சாப்பிடமாட்டார். தயிர், நெய்யையும் தொடமாட்டார். அது அவர் எடுத்துக்கொண்ட விரதம். ஆகவே நெய்க்குப் பதில் எண்ணெய் விட்டு, கோதுமையில் இனிப்புக் கஞ்சி கிளறினார் கஸ்தூரிபா. ஒரு கிண்ணம் பாசிப்பயறும் எடுத்து வைத்தார்.

இரண்டும் காந்திஜிக்கு மிகவும் பிடித்தவை. மனைவியின் திருப்திக்காகக் கொஞ்சம் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தார். நாக்கு விடவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டார்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வயிற்றில் கடுமையான வலி கிளம்பியது. சாவின் வாசல் வரை அவரைக் கொண்டுபோன நோய் அப்படித்தான் தொடங்கியது.

லண்டனில் கிடைத்த பாடம்

உலகமே அறிந்த அந்தத் தலைவருக்கு, வயிறு வாழ்நாள் முழுவதும் தொல்லை கொடுத்தது. உணவைப் பற்றி அவர் ஓயாமல் எழுதியதற்கும் பேசியதற்கும் அது ஒரு பெரிய காரணம்.

1888-ல் சட்டம் படிக்க அவர் லண்டன் போனார். மாமிசம் சாப்பிடுவதில்லை என்று தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். அந்த ஊர்ச் சைவச் சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. பாதி வயிறுதான் நிரம்பும். நாள் கணக்காகத் தெருத்தெருவாக அலைந்து, பாரிங்டன் தெருவில் ஒரு சைவ ஓட்டலைக் கண்டுபிடித்தார். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். அதே இடத்தில் சைவ உணவைப் பற்றிய ஒரு புத்தகமும் வாங்கினார். பிறகு மசாலாவை விட்டார். ஊரிலிருந்து வந்த இனிப்புகளையும் விட்டார். முன்பு மண் மாதிரி இருந்த வெறும் வேகவைத்த கீரை இப்போது ருசித்தது. ருசி என்பது நாக்கில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் அப்போதே வந்துவிட்டார்.

ஆனால் மனம் ஒப்புக்கொண்டதை எல்லாம் குடலும் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

வீட்டிலேயே மாவு அரைத்தார்கள்

பாரிஸ்டராகத் தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்திய காலத்தில் மலச்சிக்கல் அவரைப் பிடித்துக்கொண்டது. அடிக்கடி தலைவலி வேறு. அவ்வப்போது பேதி மருந்து சாப்பிட்டுச் சமாளித்து வந்தார். மருந்து வாழ்க்கை அவருக்குப் பிடிக்கவில்லை. காலைப் பலகாரத்தை நிறுத்திப் பார்த்தார். தலைவலி நின்றது. மலச்சிக்கல் நிற்கவில்லை. தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து குளிக்கும் ஜெர்மன் வைத்தியத்தைச் செய்தார். கொஞ்சம் குணம் தெரிந்தது. இன்னொரு ஜெர்மன் வைத்தியரின் புத்தகத்தைப் படித்துவிட்டு, ஈர மண்ணைத் துணியில் பரப்பி, இரவில் அடிவயிற்றில் கட்டிக்கொண்டு படுத்தார். அதில் அவருக்கு நல்ல குணம் கிடைத்தது. பிற்காலத்தில் ஆசிரமத்தில் யாருக்கு வயிற்று வலி வந்தாலும் மண்கட்டுதான்!

கடை ரொட்டியும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஜோகானஸ்பர்க்கில் ஏழு பவுன் கொடுத்து, கையால் சுற்றும் இரும்பு மாவு எந்திரம் ஒன்று வாங்கினார். அதன் சக்கரம் ஓர் ஆள் சுற்ற முடியாத கனம். இரண்டு பேர் சுற்றினால் சுலபம். வீட்டில் அப்போது போலக் என்ற ஆங்கில நண்பர் குடியிருந்தார். பத்திரிகைக்காரர். காந்திஜிக்கு அவர் பழக்கமானதே ஒரு சைவ ஓட்டலில்தான். காந்திஜி, போலக், பிள்ளைகள் எல்லோரும் மாறி மாறிச் சுற்றுவார்கள். சில நாள் கஸ்தூரிபாவும் கை கொடுப்பார். தவிடு நீக்காத அந்த மாவில், புளிக்க வைக்காமல், சோடா மாவு போடாமல் ரொட்டி சுட்டார்கள். மாவும் கிடைத்தது, பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சியும் கிடைத்தது. ஏழு பவுன் வீண் போகவில்லை.

பால் விரதம்

சோதனை அதோடு நிற்கவில்லை. டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது, 1912-ல் பாலையும் விட்டுவிட்டார். பால் மனிதனுக்கு இயற்கையான உணவல்ல என்று அவர் எண்ணினார். கடைசிச் சொட்டு வரை பாலைக் கறப்பதற்காகப் பசுவையும் எருமையையும் மாட்டுக்காரர்கள் வதைப்பதைப் பற்றிப் படித்தது அவர் மனத்தை உறுத்தியது. நண்பர் காலன்பாக்கும் அவருடன் சேர்ந்து பாலை நிறுத்தினார். சில நாளில் அடுப்பையும் மறந்தார்கள். பச்சை வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் இவைதான் சாப்பாடு.

1914-ல் லண்டனில் மார்பு நோயால் படுத்தார். பால் சாப்பிடும்படி டாக்டர் சொன்னார். குருவாக மதித்த கோகலேயும் வற்புறுத்தினார். வெறும் பழ உணவை மட்டும் கைவிட்டார். பாலைத் தொடவில்லை. 1915-ல் ஹரித்துவாரத்தில் இன்னொரு விரதம். இந்தியாவில் இருக்கும்வரை ஒரு நாளில் ஐந்து பண்டங்களுக்கு மேல் சாப்பிடுவதில்லை, இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை!

இத்தனை கட்டுப்பாடு உள்ளவர்தான் 1918-ல் கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் தோற்றுப்போனார்.

முப்பது தடவை, நாற்பது தடவை

அந்த வருஷம் முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்க அவர் கேடா ஜில்லாவில் கிராமம் கிராமமாக நடந்தார். சில நாள் இருபது மைல். அரைத்த வேர்க்கடலை விழுதும் எலுமிச்சையும்தான் முக்கிய ஆகாரம். அந்த விழுது அளவுக்கு மிஞ்சினால் கெடுதல் என்று தெரிந்தும் அதிகம் சாப்பிட்டுவிட்டார். வயிற்றுப்போக்கு அதில் ஆரம்பித்தது. அதன்மேல் விழுந்ததுதான் பண்டிகைக் கஞ்சி.

அன்று சாயங்காலம் அவர் நடியாத் போக வேண்டும். சபர்மதி ஸ்டேஷன் ஆசிரமத்திலிருந்து சுமார் ஒன்றேகால் மைல். வலியோடு நடந்தார். அகமதாபாத்தில் வல்லபாய் பட்டேல் ரயிலில் ஏறினார். காந்திஜியின் உடம்பு சரியில்லை என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் வலி எவ்வளவு என்பதைக் காந்திஜி காட்டிக்கொள்ளவில்லை.

இரவு பத்து மணிக்கு நடியாத். தங்கும் இடம் அநாதை ஆசிரமம். ஸ்டேஷனிலிருந்து அரை மைல்தான். பத்து மைல் மாதிரி இருந்தது. கக்கூஸ் தொலைவில் இருந்தது. பக்கத்து அறையிலேயே ஒரு மலத்தொட்டி வைக்கும்படி கேட்க வேண்டியதாயிற்று. அதற்காக அவர் கூசிப் போனார். வேறு வழியில்லை. இருபத்து நான்கு மணி நேரத்தில் முப்பது, நாற்பது தடவை போயிற்று!

மருந்து வேண்டாம் என்றார். ஊசி வேண்டாம் என்றார். தொடக்கத்தில் பழச்சாறுகூட வேண்டாம் என்று பட்டினி கிடந்தார். இதை யாரும் பின்பற்றக் கூடாது. அத்தனை தடவை போனால் உடம்பிலுள்ள நீரும் உப்பும் வடிந்துவிடும். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உடனே கொடுக்க வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது இன்று எல்லா ஆஸ்பத்திரிகளிலும் சொல்லும் முதல் பாடம். தம் பிடிவாதத்தின் பலனைக் காந்திஜி எலும்பும் தோலுமாக அனுபவித்தார்.

மில் முதலாளி அம்பாலால் சாராபாய் தம்பதிகள் அவரை அகமதாபாத்தில் தங்கள் பங்களாவுக்குக் கொண்டுபோய்ப் பணிவிடை செய்தார்கள். பிறகு அவர் விருப்பப்படி ஆசிரமத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஓர் இரவு, இனிப் பிழைக்கமாட்டோம் என்றே அவருக்குத் தோன்றிவிட்டது. ஆசிரமவாசிகள் பக்கத்தில் உட்கார்ந்து கீதை படித்தார்கள். வல்லபாய் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் நாடி பார்த்தார். நாடி நன்றாக இருக்கிறது, பலவீனத்தால் வந்த கலக்கம்தான் என்றார். காந்திஜிக்கு அன்று இரவு தூக்கமே இல்லை.

உயிரைக் காத்த ஒரு சொல்

ஐஸ் கட்டியால் வைத்தியம் செய்யும் ஒருவர் வந்தார். உடம்பெல்லாம் ஐஸ் வைத்தார். பசி கொஞ்சம் திரும்பியது. மாதேரான் மலைக்குப் போனார். அங்குள்ள தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. சீதபேதியால் ஆசனவாயில் வெடிப்புகள் உண்டாகியிருந்தன. வெளிக்குப் போவதே சித்திரவதை. ஒரு வாரத்தில் பம்பாய்க்குத் திரும்பினார். 1919 ஜனவரியில் டாக்டர் தலால் ஆபரேஷன் செய்தார்.

பால் சாப்பிடாவிட்டால் உடம்பைத் தேற்ற முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊசி போடுங்கள், ஆனால் பால் மட்டும் முடியாது என்றார் காந்திஜி. ஏன் என்று கேட்டார் டாக்டர். பசுவையும் எருமையையும் வதைக்கும் கதையைக் காந்திஜி விவரித்தார்.

கட்டிலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் கஸ்தூரிபா. அப்படியானால் ஆட்டுப்பால் சாப்பிடத் தடை இல்லையே என்று குறுக்கிட்டார்.

டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். ஆட்டுப்பால் போதும் என்றார்.

காந்திஜி மனம் தடுமாறினார். விரதம் எடுத்த நாளில் ஆடு அவர் நினைவில் இல்லை. பசுவும் எருமையும்தான் இருந்தன. சொல்லைப் பார்த்தால் ஆட்டுப்பால் குற்றமில்லை. விரதத்தின் கருத்தைப் பார்த்தால் எல்லாப் பாலும் ஒன்றுதான். அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ரௌலட் மசோதாவை எதிர்த்துப் போராட வேண்டும் என்ற ஆசை அப்போது மூண்டிருந்தது. உயிரோடு இருந்தால்தானே போராட்டம்? ஆட்டுப்பாலைக் குடித்தார். உடம்பு தேறியது. விரதத்தின் உயிரைக் கொன்றுவிட்டோம் என்ற உறுத்தல் மட்டும் கடைசி வரை போகவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. தம் சுயசரிதையில் எழுதி வைத்துவிட்டார்.

பச்சையாகத் தின்ற சோதனை

தோற்றால் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ளும் குணம் சாப்பாட்டு விஷயத்திலும் அவருக்கு இருந்தது. 1929-ல் அடுப்பில்லாச் சாப்பாட்டை மறுபடி பிடித்தார். முளைகட்டிய தானியம், பச்சைக் காய்கறி, பழம். ஆசிரமத்தில் பலர் சேர்ந்துகொண்டார்கள். சில மாதங்களில் காந்திஜிக்குச் சீதபேதி திரும்பி வந்தது. சோதனையை நிறுத்தினார். நிறுத்தியதை ஊரறியச் சொல்லவும் செய்தார்.

இயற்கையான உணவெல்லாம் எல்லா வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்வதற்கில்லை. ஐ.பி.எஸ். என்று டாக்டர்கள் சொல்லும் தொல்லை இன்று பலருக்கு உண்டு. குடலில் புண் ஒன்றும் தெரியாது. ஆனாலும் வலி, உப்புசம், ஒரு நாள் பேதி, ஒரு நாள் சிக்கல். இவர்களில் சிலருக்குக் கோதுமைத் தவிடே உப்புசத்தை அதிகமாக்குகிறது. பயறும் பச்சை வெங்காயமும் ஆகாதவர்களும் உண்டு. ஓட்ஸ் கஞ்சி போன்றவை அவர்களுக்குச் சுலபம். எது ஒத்துக்கொள்கிறது என்பதை ஒவ்வொன்றாக விலக்கியும் சேர்த்தும்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. காந்திஜி நாற்பது வருஷம் செய்தது ஏறக்குறைய அதுதான். டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்திருந்தால் இவ்வளவு அவஸ்தைப்பட்டிருக்கமாட்டார்.

தஞ்சாவூர்க்காரர் நடத்திய சங்கம்

1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் பிறந்தது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் தலைமை அலுவலகம். காரியதரிசி ஜே. சி. குமரப்பா, தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குப் பரிசோதனை படித்தவர், கடைசியில் செக்கும் உரலும் ஓடும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்!

கைக்குத்தல் அரிசி, கல் எந்திரத்தில் அரைத்த கோதுமை மாவு, செக்கு எண்ணெய், வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம். இவற்றைப் பற்றிக் காந்திஜி ஹரிஜன் பத்திரிகையில் வாராவாரம் எழுதினார். மில்லில் தீட்டிய அரிசியில் தவிடு போய்விடுகிறது. தவிட்டோடு பி-1 வைட்டமினும் போய்விடுகிறது. தீட்டிய அரிசியையே நம்பிச் சாப்பிட்டவர்களுக்குப் பெரிபெரி என்ற நோய் வந்து கால் மரத்தது, உடம்பு வீங்கியது. நெல் குத்தும் கூலி கிராமத்துப் பெண்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதும் அவர் எண்ணம். மகன்வாடிச் சாப்பாட்டில் சோயா மொச்சையும் வேப்பிலையும்கூட இடம் பெற்றன. வந்த விருந்தாளிகள் எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

1942-ல் பூனா ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டிருந்தபோது, ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கஸ்தூரிபாவும் அதே மாளிகையில் கைதி. பாலுக்கு ஈடான தாவர உணவு தமக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை என்பதை அந்த நூலிலும் அவர் மறைக்கவில்லை. 1944 பிப்ரவரி 22-ம் தேதி, ஆட்டுப்பாலை நினைவுபடுத்திய அந்த அம்மையார் அங்கேயே கண்ணை மூடினார்.

1948 ஜனவரி 30-ம் தேதி மாலை நாலரை மணி. டில்லி பிர்லா மாளிகை. காந்திஜிக்குச் சாப்பாடு வந்தது. ஆட்டுப்பால், வெந்த காய்கறி, பச்சைக் காய்கறி, ஆரஞ்சு. இஞ்சி, எலுமிச்சை, வடித்த வெண்ணெய், சோற்றுக் கற்றாழைச் சாறு எல்லாம் கலந்த வயிற்று மருந்து ஒன்று. அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர், முப்பது வருஷத்துக்கு முன்னால் நடியாத் ரயிலில் கூட வந்த அதே வல்லபாய். பேச்சில் நேரம் போனது தெரியவில்லை. ஐந்து மணி தாண்டியதும் காந்திஜி எழுந்து பிரார்த்தனைக்குப் புறப்பட்டார்.