புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ்

நோயின் தன்மையையும் அதன் காரணத்தையும் ஆராயாமல் மருந்து கொடுக்கும் மருத்துவனை எவரும் நாடார். நாட்டின் பசியையும் வறுமையையும் போக்க முயலும் அரசுக்கும் இஃது ஒக்கும். எத்தனை பேர் உழுகின்றனர், எவ்வளவு விளைகின்றது, விளைந்தது யார் யார் இல்லங்களை அடைகின்றது என்பவற்றை அறியாமல் வகுக்கும் திட்டம் இருளில் எய்த அம்பாகும். இவ்வுண்மையைத் தெளிந்து, இந்தியா விடுதலை பெற்ற தொடக்க ஆண்டுகளிலேயே எண்ணை ஆட்சிக்குக் கண்ணாக்கிய அறிஞர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஆவார்.

இளமையும் கல்வியும்

மகலனோபிஸ் 1893-ஆம் ஆண்டு சூன் திங்கள் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். இவர்தம் குடும்பம் பிரம சமாசத்தைச் சார்ந்தது. கல்வியிலும் சமூகச் சீர்திருத்தத்திலும் நாட்டமுடையது. இவர் பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகம் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டில் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். சென்னையிலிருந்து அங்கு வந்திருந்த கணித மேதை இராமானுசன் இவருக்கு நண்பரானார். குளிர் தாங்காது, மேலங்கியைப் போர்த்துக்கொண்டு கட்டிலின் கம்பளங்களுக்கு மேலேயே படுத்துவந்த இராமானுசனுக்கு, அவற்றை விலக்கி உள்ளே புகுந்து உறங்கும் முறையைக் காட்டியவர் இவரே.

1915-இல் தேர்வில் முதல் வகுப்பில் தேறித் தாயகம் திரும்பும் வேளையில், உலகப் போரினால் கப்பற் பயணம் சிறிது தடைப்பட்டது. அவ்விடைக்காலத்தில் ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழை இவருக்குக் காட்டினார். அதன் தொகுதிகள் அனைத்தையும் விலைக்கு வாங்கி, கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். விடுமுறைக்கு வந்தவர் கல்கத்தாவிலேயே பௌதிக ஆசிரியராக நிலைத்தார். ஆயினும், எண்களின்பால் பிறந்த வேட்கை நாளும் வளர்ந்தது.

வெள்ளத்தின் காரணம்

1926-ஆம் ஆண்டு ஒரிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்துப் பேரழிவு விளைத்தது. ஆற்றின் படுகை மேடிட்டுவிட்டது எனவும், கரைகளைப் பல அடி உயர்த்துதல் வேண்டும் எனவும் பொறியாளர் குழுவினர் கருதினர். மகலனோபிஸ் ஏறத்தாழ 60 ஆண்டுகளின் மழை, வெள்ளப் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். படுகை மேடிடவில்லை; ஆற்றின் மேற்பகுதியிற் பெய்த மிகுமழையே வெள்ளத்திற்குக் காரணம் என்பது புலனாயிற்று. கரையை உயர்த்துவதினும் மேற்பகுதியில் அணை கட்டுதலே தக்கது என்று இவர் கூறினார். பிற்காலத்தில் மகாநதியின் குறுக்கே ஹிராகுட் அணையைத் திட்டமிட்டபோது இவர்தம் கணக்குகள் பயன்பட்டன. கண்ணுக்குத் தோன்றுவது ஒன்று, கணக்குக் காட்டுவது மற்றொன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

கழகத்தின் தோற்றம்

1931-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை இவர் நிறுவினார். பிரசிடென்சிக் கல்லூரியின் பௌதிகப் பகுதியில் ஓர் அறையே அதன் இருப்பிடம். முதல் ஆண்டில் அதன் செலவு 250 ரூபாயினும் குறைவு. 1933-இல் தொடங்கிய கழகத்தின் இதழுக்குச் சங்க்யா எனப் பெயரிட்டார். அவ்வடசொல் எண்ணையும் தெளிந்த அறிவையும் ஒருங்கே குறிப்பது. தமிழிலும் எண்ணுதல் என்பது கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் குறிக்குமன்றோ!

ஒரு சோறு பதம்

நிலவரி நிலையாக வரையறுக்கப்பட்டிருந்த வங்காளத்தில், ஊர்தோறும் நிலக்கணக்கு எழுதி வைக்கும் அலுவலர் இலர். ஊர்க்காவலர் கண்மதிப்பாகச் சொன்னதே விளைச்சற் கணக்காக மேலிடம் சென்றது. அம்மாகாணத்தின் பெருஞ்செல்வமாகிய சணலின் பரப்பைக்கூட எவரும் திட்டமாக அறியார். வயல்தோறும் சென்று அளப்பதற்கோ காலமும் பொருளும் போதா. ஆதலின், 1937-இல் சிறிய அளவில் மாதிரி ஆய்வை இவர் தொடங்கினார். 1941-இல் அது மாகாணம் முழுவதும் பரவியது.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாம் அறிந்த பழமொழி. ஆனால், நாடு ஒரே சீராக வெந்த பானை அன்று. ஓரிடம் செழிக்க, மற்றோரிடம் வாடும். செழித்த வயலையே எடுத்தால் கணக்கு மிகும். வாடியதையே எடுத்தால் குறையும். எனவே, எவர் விருப்பு வெறுப்பிற்கும் இடமின்றி, திருவுளச்சீட்டு எடுப்பதுபோல வயல்களைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். மகலனோபிஸ் இதனோடு அமையவில்லை. தேர்ந்தவற்றை ஒரே வட்டாரத்தில் விரவிய இரு கூறுகளாக்கி, தனித்தனிக் குழுவினரிடம் ஒப்படைத்தார். இரு குழுவினரின் முடிவுகளும் பெரிதும் மாறுபடின், எங்கோ பிழை நேர்ந்துள்ளது என்பது தெரிந்துவிடும். பிறர் பிழையை மட்டுமன்றித் தம் பிழையையும் காட்டிக்கொடுக்கும் முறையை அமைத்ததே இவர்தம் நேர்மை.

பஞ்சம்

1943-ஆம் ஆண்டு வங்காளத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். போரும், விலையேற்றமும், ஆட்சியாளரின் தவறுகளும் அதற்குக் காரணங்களாயின. நாட்டில் அரிசி எவ்வளவு உள்ளது என்பதற்கு நம்பத்தக்க கணக்கு இல்லாமை அத்துன்பத்தை மேலும் பெருக்கியது. பஞ்சத்தின் பின்னர், இவருடைய கழகத்தார் ஊர்களுக்குச் சென்று, நிலத்தை விற்றவர் எத்தனை பேர், மாட்டை இழந்தவர் எத்தனை பேர், வறியவரானோர் எத்தனை பேர் என ஆராய்ந்து வெளியிட்டனர். அக்கணக்கின் ஒவ்வோர் எண்ணும் ஒரு குடும்பத்தின் கண்ணீராகும்.

திட்டமும் கணக்கும்

விடுதலைக்குப் பின், 1949-இல் மகலனோபிஸ் மத்திய அமைச்சரவையின் புள்ளியியல் ஆலோசகரானார். அவ்வாண்டே தேசிய வருமானக் குழுவின் தலைமையும் ஏற்றார். 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ 5,60,000 ஊர்களிலிருந்து 1,833 ஊர்கள் முதற்சுற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. வழியற்ற ஊர்களுக்கும் ஆய்வாளர் சென்றனர்; ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவைகளை ஒருமைப்படுத்தினர்; உண்பதும் உடுப்பதும் யாவை எனக் கேட்டு எழுதினர். அதுகாறும் எவரும் வினவாத ஏழைக் குடும்பத்தின் அடுப்பங்கரைச் செய்தி, இவ்வாறு தலைநகரின் ஏட்டில் இடம்பெற்றது.

1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு அடிப்படை வரைவை வகுத்தவரும் இவரே. எந்திரங்களைச் செய்யும் பெருந்தொழில்களுக்கு அதில் முதன்மை அளித்தார். உணவு உற்பத்தி பின்தங்கும் எனவும், அந்நியச் செலாவணி போதாது எனவும் அறிஞர் சிலர் மறுத்தனர்; அவ்வச்சத்திற்குப் பின்னர்ச் சான்றுகளும் தோன்றின. வளர்ந்த வருமானம் மக்களுள் எவரைச் சென்றடைந்தது என்று ஆராய 1960-இல் அரசு அமைத்த குழுவிற்கு இவரே தலைவரானார். திட்டத்தைப் போற்றியவரும் மறுத்தவரும் இவர் தொகுக்க வழிசெய்த எண்களைக் கொண்டே வழக்காடினர். மன்றத்தில் இரு திறத்தார்க்கும் பொதுவாக நிற்கும் சான்று போன்றது மெய்க்கணக்கு. அதனை ஒரு சாரார்க்கு ஏற்ப வளைப்பின், நாடு தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டதாகும்.

புகழுடம்பு

ஓர் அறையில் தோன்றிய கழகத்தை 1959-இல் நாடாளுமன்றம் தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனமாகச் சட்டத்தால் ஏற்றது. 1968-இல் பத்மவிபூஷண் விருது இவரை அடைந்தது. தம் 79-ஆம் பிறந்த நாளுக்கு முந்தைய நாளாகிய 1972 சூன் 28 அன்று மகலனோபிஸ் மறைந்தார். 2007-ஆம் ஆண்டு முதல் இவர் பிறந்த நாள் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

வீட்டிற்கு வந்து வினவும் கணக்காளரிடம் உள்ளதை உள்ளவாறு கூறுதல் குடிமக்கள் கடன். கிடைத்த கணக்கை மறையாது வெளியிடுதல் அரசின் கடன். இவ்விரு கடன்களும் வழுவாது நிற்கும் நாட்டிலேயே திட்டங்கள் ஏழையின் வாயிலை அடையும்.