லோரி பிரேக்கில் காற்றை அடைத்தவர்: யார் இந்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்?

பிரிக்பீல்ட்ஸ் சாலையில் பேருந்து நின்றதும் 'புஸ்'னு ஒரு சத்தம் வரும். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லோரியிலும் அதே சத்தம்தான். பிரேக்கைப் பிடித்த காற்று, வேலை முடிந்து வெளியேறும் ஓசை அது. அதற்குப் பின்னால் 22 வயது இளைஞர் ஒருவரின் கதை இருக்கிறது.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1846-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு விவசாய இயந்திரங்கள் செய்யும் பட்டறை. பையன் அங்கேயே வளர்ந்தார். உள்நாட்டுப் போருக்குப் போய்த் திரும்பினார். கல்லூரியில் சில மாதங்கள்கூட தாக்குப்பிடிக்கவில்லை.

எதற்கு காற்று பிரேக்?

அந்தக் காலத்து ரயிலை நிறுத்த, பெட்டிக்குப் பெட்டி ஆள் ஓட வேண்டும். ஓடும் வண்டியின் கூரைமேல் ஏறி, கையால் சக்கரம் சுற்றி பிரேக் போடுவார்கள். மழையிலும் பனியிலும் வழுக்கி விழுந்து செத்தவர்கள் ஏராளம். ஒருமுறை இரண்டு சரக்கு ரயில்கள் மோதிக்கொண்டதை வெஸ்டிங்ஹவுஸ் பார்த்தார். ஓட்டுநர்கள் இருவரும் எதிரே வந்த வண்டியைப் பார்த்துவிட்டார்கள், நிறுத்தத்தான் நேரமில்லை.

ஆல்ப்ஸ் மலையில் மோன் செனீ சுரங்கம் குடைய, நீண்ட குழாய் வழியே அழுத்தக் காற்றை அனுப்பி துளைப்பான்களை ஓட்டுகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தார். அவ்வளவு தூரம் காற்று போகும்னா, ரயிலின் கடைசிப் பெட்டி வரை போகாதா? 1869-இல் காப்புரிமை வாங்கினார். சோதனை ஓட்டத்திலேயே தண்டவாளத்தில் குறுக்கிட்ட ஒரு குதிரை வண்டியை மோதாமல் ரயில் நின்றது என்பார்கள்.

முதல் பிரேக்கில் இருந்த ஓட்டை

ஆனால் குழாய் அறுந்தால் காற்று போய்விடும், பிரேக்கும் போய்விடும். என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான சாதனை 1872-இல் வந்தது. இந்தமுறை தலைகீழாக யோசித்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் காற்றுத் தொட்டி. குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். அது குறைந்தால் வால்வு திறந்து, தொட்டிக் காற்று பிரேக்கை இறுக்கும். குழாய் அறுந்தாலும், பெட்டி கழன்றாலும் வண்டி தானே நிற்கும்.

1886-இல் 50 பெட்டி சரக்கு ரயிலில் சோதித்தபோது சிக்கல். முன்பெட்டிகள் நிற்க, பின்பெட்டிகள் வந்து முட்டின. வால்வைத் திருத்தி, மறுவருடம் சரிசெய்தார். அதே 1886-இல்தான் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கத்து புக்கிட் கூடாவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1893-இல் அமெரிக்கா காற்று பிரேக்கைச் சட்டமாக்கியது.

பிறகு டெஸ்லாவின் காப்புரிமைகளை வாங்கி, மாறுதிசை மின்சாரத்தைப் பரப்பினார். 1907 நிதி நெருக்கடியில் தன் மின் நிறுவனத்தின் பிடியையே இழந்தார். 1914 மார்ச் 12-இல் காலமானார். அவர் பெயரில் 360-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள்.

நம்ம ஊரில்?

இன்றைய லோரியிலும் அதே யோசனைதான். நிறுத்து பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங்; விடுவிப்பதுதான் காற்று. காற்று தீர்ந்தால் சக்கரம் இறுகிவிடும். ஆனால் கராக் மாதிரி இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால், கம்ப்ரஸர் நிரப்புவதைவிட வேகமாகக் காற்று செலவாகும். எச்சரிக்கை மணி அடித்தால் உடனே ஓரங்கட்ட வேண்டும்.

இன்னொரு எதிரி தண்ணீர். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றை அழுத்தி, அது ஆறினால் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும். தொட்டி துருப்பிடிக்கும், வால்வு மக்கர் பண்ணும். காற்றை உலர்த்தும் டிரையர் இருந்தாலும் தொட்டியைத் திறந்து பார்க்கணும். தண்ணீர் வந்தால் டிரையரின் வடிகட்டிக்கு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். பால் மாதிரி வெள்ளையாக வந்தால் கம்ப்ரஸர் எண்ணெயும் கலக்கிறது.

ஷா ஆலாம் தொழிற்சாலைகளின் பெரிய காற்றுத் தொட்டிகளுக்கும் இதே கதைதான். அவற்றுக்கு ஜேகேகேபி பரிசோதனையும் உண்டு. ஆனால் அடியிலுள்ள வால்வைத் திருகித் தண்ணீரை வெளியேற்றுவது ஷிப்ட் ஆள் செய்யும் வேலை. ஒரு நிமிடம்கூட ஆகாது.