ஒளியை அளந்த தொழிலாளியின் மகன்

சாவகச்சேரிவரை இணையத்தைச் சுமந்துவரும் ஒளியியல் நார், தலைமயிரளவு பருமனே உடையது. அதன் முனையில் எவ்வளவு சரிவாக விழும் ஒளி உள்ளே தங்கும் என்பதைக் கூறுவது எண்ணியல் துவாரம் எனும் எண். இவ்வளவையை நுணுக்குக்காட்டிக்காக வகுத்தவர் ஜேர்மனிய அறிஞர் எர்ன்ஸ்ட் அபே.

1840 இல் ஐசனாக் நகரில், நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தை நாள்தோறும் 14 மணி நேரமும் அதற்கு மேலும் நின்றே உழைத்ததைச் சிறுவயதிலேயே கண்டார்.

யேனா பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த அபேயை, 1866 இல் நுணுக்குக்காட்டி தயாரிப்பாளர் கார்ள் சைஸ் துணைக்கு அழைத்தார். அதுவரை வில்லைகள் அனுபவத்தாலேயே திருத்தப்பட்டு வந்தன. வில்லை எவ்வளவு அகன்ற ஒளிக்கூம்பை ஏற்கிறதோ, அவ்வளவு நுண்மையைக் காட்டும் என்பதை அபே 1873 இல் நிறுவினார். ஊடகத்தின் முறிவுச் சுட்டியை அக்கூம்பின் அரைக்கோணத்தின் சைனால் பெருக்க வருவதே அவ்வெண்.

நாருக்கும் கணக்கு எளிதே. உள்ளகத்தின் முறிவுச் சுட்டி 1.48, உறையினது 1.46 எனக் கொள்வோம். இரண்டின் வர்க்கங்களின் வித்தியாசம் 0.0588, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.24. எனவே காற்றிலிருந்து, நாரின் அச்சுக்கு 14 பாகைக்குள் நுழையும் ஒளியே முழு உட்தெறிப்படைந்து பயணிக்கும். மிகையாகச் சரிந்தது உறைக்குள் கசிந்துவிடும்.

சைஸ் 1888 இல் மறைந்தார். மறுவருடம் அவர் பெயரில் அறநிலையம் ஒன்றை நிறுவிய அபே, 1891 இல் தொழிற்சாலையில் தமக்கிருந்த உரிமையையும் அதற்கே வழங்கினார். 1900 இல் அங்கு எட்டு மணி நேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. 1905 இல் அபே காலமானார்.

சூத்திரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், தந்தையின் களைப்பை மறவாத இம்மகனின் வாழ்வையும் மாணவருக்கு எடுத்துரைப்பது நன்று.